மூன்று மாத லீவும் ஒரு சங்குப் பாலும்

திண்டிவனம்,
5-12-1963

அன்புள்ள சவுரி அக்காவுக்கு,

ராஜாமணி எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன். பாப்பா இப்போது தூளியில் தூங்குகிறாள். எத்தனை வரி வரை தூங்குவாள் என்று தெரியாது, அதனால் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

முதலில் உங்கள் மேல் உள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். லீவு சாங்ஷன் ஆன அன்று, மூன்று மாதம் சம்பளத்தோடு லீவு, தூங்கித் தீர்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது நீங்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, நல்லபடியாகப் போய்வா என்றீர்கள். நாலு பெற்றவர் நீங்கள். ஒரு வார்த்தை விவரமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? விழுப்புரம் டெலிபோன் ஆபீசில் தீபாவளிக்கு முந்தின நாள் எல்லா லைனும் சேர்ந்து விழுமே, அதுகூடச் சாயங்காலத்தில் ஓய்ந்துவிடும். இங்கே ஓய்வே கிடையாது.

நீங்கள் கொடுத்தனுப்பிய பைண்டு செய்த தொடர்கதைப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. முதல் புத்தகத்தில் கதாநாயகி இன்னும் ரயிலை விட்டே இறங்கவில்லை. அவளை அப்படியே பெட்டியில் உட்கார வைத்துவிட்டேன். பாயில் கிடக்கும்போது பாப்பா புரண்டுவிடாமல் இருக்க அம்மா அந்தப் புத்தகங்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்திருக்கிறாள். ஒரு மாதப் பிள்ளை எங்கே புரளப் போகிறது என்று கேட்டேன். உனக்கு என்ன தெரியும், சும்மா இரு என்றாள். ஸ்வெட்டர் பின்ன வாங்கிய நூல் கண்டு பிரிக்கப்படாமலேயே கிடக்கிறது.

அம்மா இருக்கிறாளே, தாய் வீட்டுப் பிரசவம், எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள், நான் ராணி மாதிரி சாய்ந்திருப்பேன் என்று நினைத்து வந்தேன். வந்த இடத்தில் மல்லாட்டை பறிப்பு தொடங்கிவிட்டது, கொடி பிடுங்கிக் கடலை ஆய்கிற வேலை. அப்பா போன பிறகு அந்த ஒன்றரைக் காணி நிலமும் அம்மா ஒருத்தி கையில்தான். ஆள் கிடைக்காமல் அவளே போகிறாள். விடியலில் பத்தியக் குழம்பு வைத்து மூடிவிட்டுப் போனால், பொழுது சாய மண்ணும் கொடியுமாக வந்து, பிள்ளையைத் தொடாமல் நேரே குளிக்கப் போகிறாள். காலையில் பாப்பாவைக் குளிப்பாட்ட மட்டும் பக்கத்துத் தெரு பொன்னி வருகிறாள். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் காலில் கிடந்து குளித்தவைதான். மூக்கை நீவுகிறாள், மண்டையை உருட்டுகிறாள், கடைசியில் சாம்பிராணிப் புகையில் காட்டி என் மடியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

எனக்குப் பத்தியம் கடுமை. பூண்டும் சுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை அக்கா, தண்ணீர் கொடுக்க மாட்டேன் என்கிறாள் அம்மா. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு விழுந்துவிடுமாம். அவள் கொல்லிக்கு வேலை பார்க்கக் கிளம்பினதும் நான் செய்கிற முதல் காரியம் பானையைத் தேடிப் போவதுதான். இருபத்து நாலு வயசில், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள், சொந்த வீட்டில் தண்ணீர் திருடிக் குடிக்கிறேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. அரைத் தூக்கத்தில் பாப்பா அழுதிருக்கிறாள். நான் எழுந்து உட்கார்ந்து, நம்பர் ப்ளீஸ் என்று மூன்று தடவை கேட்டேனாம். அம்மா பயந்து போய் நெற்றி நிறைய விபூதியைப் பூசி, பொன்னியிடம் இதைச் சொல்லி, இப்போது தெருவே என்னைப் பார்த்தால் நம்பர் கேட்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் விஷயம் உங்களுக்குத் தெரியாதே. பாப்பா பிறந்த நட்சத்திரம் பெற்ற அப்பாவுக்கு ஆகாது என்று காணை ஊரில் அவர் அம்மா, அதுதான் எங்கள் அத்தை, கேட்ட ஜோசியர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து, ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற முகத்தைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் நேருக்கு நேர் பார்த்தால் அவர் உயிருக்குக் கேடாம். எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். ஆனால் அவர் உயிர் என்றதும் அந்தப் பாதி முழுசாகிவிடுகிறது. பாவம், விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் ராத்திரி ட்யூட்டி முடித்து, அப்படியே காலைப் பாசஞ்சரில் வந்து, முன் அறையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். மூக்கு யார் மாதிரி, நிறம் எப்படி என்று கேட்கிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன். மூக்கு உங்கள் அம்மா மாதிரி என்று சும்மா சொல்லி வைத்தேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

பாப்பா முழித்துவிட்டாள். ஆபீசில் என் நாற்காலியில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தூக்கம் கெட்ட தங்கை,
ராஜாமணி


திண்டிவனம்,
2-1-1964

அன்பும் மரியாதையும் உள்ள சவுரி அக்காவுக்கு,

உங்கள் கடிதமும், அவரிடம் கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் பலகாரமும் வந்து சேர்ந்தன. பத்தியக்காரிக்கு ஆகாது என்று அம்மா டப்பாவை மேலே ஏற்றி வைத்தாள். பாதிக்கு மேல் நான்தான் தின்றேன். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் இந்த வருஷம் குறையில்லாமல் அமையட்டும்.

பாப்பா தேறி வருகிறாள். சிரிக்கிறாள். அதுவும் என்னைப் பார்த்துதான் சிரிக்கிறாள், இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அம்மா மல்லாட்டையைக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது பகலில் வீட்டில் இருப்பதால் எனக்கு இரண்டு வாய் சோறு உட்கார்ந்து தின்ன முடிகிறது. இந்த லீவு இப்படியே இன்னும் ஆறு மாதம் போனாலும் சரி என்று சில நேரம் தோன்றுகிறது. சில நேரம், எப்போதடா டெலிபோன் போர்டு முன்னால் போய் உட்காருவோம் என்று இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் தோன்றுகிறது அக்கா, உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?

மனசில் ஒரு பாரம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மார்கழி பிறந்ததும் அத்தை காணையிலிருந்து வந்தார்கள். கெட்ட மனுஷி இல்லை, உங்களுக்கே தெரியும். வரும்போது புது அரிசி, கரும்பு வெல்லம், பிள்ளைக்குக் கொலுசு எல்லாம் கொண்டுவந்தார்கள். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அரை நாள் கொஞ்சினார்கள். கிளம்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்கள். தை பிறந்தால் வேலைக்குப் போகப் போகிறாயே, பிள்ளை என்ன ஆகும் என்றார்கள். நான், நீங்கள் இருக்கிறீர்கள், பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்கிறேன், சங்கில் பசும்பால் கொடுத்தால் போயிற்று என்றேன். அந்த நேரம் பார்த்துப் பொன்னி கொடுத்த சங்குப் பாலைப் பாப்பா முழுசாகத் துப்பி, முகம் கருத்துப் போகும்படி அழுதாள்.

அத்தை எழுந்துவிட்டார்கள். "எம் மவன் நடராசன் சம்பளத்துல நாலு பேரு துண்ண முடியாதா? பெத்த புள்ளைய அழ வுட்டுட்டு, எவனோ எவங்கிட்டயோ பேசறதுக்கு நீ லைன் போட்டுக்கினு இருக்கணுமா?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன், அம்மா கண்ணைக் காட்டினாள். பிறகு அத்தையே கொஞ்சம் இறங்கி வந்து ஒரு முடிவு சொன்னார்கள். பொங்கல் கழித்து வருவேன், அதற்குள் பிள்ளை அடுத்தவர் கையில் சங்குப் பால் குடிக்கப் பழகிவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ தாராளமாகப் போ, குடிக்கவில்லை என்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிடு என்றார்கள். அவர் முன் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அத்தை கேட்டது அநியாயமா என்று யோசித்தால், அநியாயம் என்றும் சொல்ல முடியவில்லை. பிள்ளை பட்டினி கிடந்தால் நான் எந்த முகத்தோடு ட்யூட்டி பார்ப்பேன்?

அன்றிலிருந்து தினம் ஒரு போராட்டம். பசும்பாலில் தண்ணீர் கலந்து பார்த்தோம். ஆட்டுப்பால் பார்த்தோம். டப்பாப் பால் கரைத்தோம். பாண்டிச்சேரியிலிருந்து ரப்பர் வைத்த புட்டி வாங்கி வந்தார் அவர், ரப்பர் வாசனைக்கே குமட்டுகிறாள். என் பாலையே சங்கில் எடுத்துக் கொடுத்தும் பார்த்தாயிற்று. பொன்னி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு, இரண்டு கன்னத்தையும் அழுத்தி, வாய் திறந்ததும் சங்கு மூக்கை உள்ளே விட்டுக் கடகடவென்று கவிழ்க்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் புகட்டுகிறது வழக்கம். மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே விழுங்கிவிடுகின்றனவாம். இவள் புரையேறி, இருமி, மூக்கு வழியாக எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறாள். பொன்னிக்கே அவமானமாகப் போய்விட்டது. இப்படி ஒரு ராங்கிக்காரியை நான் பார்த்ததில்லை, அப்படியே அவ ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே படவில்லை. அவள் என்னை வேப்ப மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் களை எடுத்தவளாம். நீயும் ஆபீசில் ஒரு தூளி கட்டிக்கொள் என்கிறாள். நம் ஆபீசில் எந்த விட்டத்தில் தூளி கட்டுவது? சூப்பர்வைசர் நாற்காலிக்கு மேல்தான் இடம் இருக்கிறது.

சிரித்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வேலையை விட எனக்கு மனசில்லை. சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் பதறிப்போய், திருச்சி குடும்மா, அப்பாவுக்கு முடியல என்று கேட்கும்போது, என் கைதானே அந்த லைனைச் சேர்க்கிறது? சேர்ந்துவிட்டது, பேசுங்கள் என்று சொல்கிற அந்த நிமிஷம் எனக்கு வேண்டும். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள். இவள் குடித்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

உங்கள் மாதா கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். எந்தச் சாமி கேட்டாலும் சரி.

உங்கள் தங்கை,
ராஜாமணி


திண்டிவனம்,
22-1-1964

என் பிரியமுள்ள சவுரி அக்காவுக்கு,

இந்தத் தடவை நல்ல சேதி. உட்கார்ந்து படியுங்கள், போர்டில் இருக்கும்போது பிரிக்காதீர்கள்.

சொன்னபடி அத்தை பொங்கல் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவரும் கூட வந்தார், வழக்கம்போல முன் அறையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அத்தை உள்ளே வந்ததும் என்னை வெளியே போகச் சொன்னார்கள். தாய் வாசனை அடித்தால் பிள்ளை சங்கைத் தொடாது, நீ கொல்லைப் பக்கம் போய் இரு, நான் கூப்பிடுகிற வரை வராதே என்றார்கள். அது நியாயம்தான். நான் கொல்லையில் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

பாப்பாவுக்குப் பசி வந்தது. அழ ஆரம்பித்தாள். முதலில் பொன்னி கொடுத்தாள், பிறகு அம்மா, பிறகு அத்தையே. கன்னத்தை அழுத்துகிறதும், ஊற்றுகிறதும், புரையேறுகிறதும் எனக்கு அங்கேயே கேட்டது. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். போதும், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், போய் வாரி எடுத்துவிடலாம் என்று இரண்டு அடி வைத்துவிட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன் அக்கா, அந்த நேரத்தில் ராஜினாமாவை மனசுக்குள் எழுதிவிட்டேன்.

அப்போது திடீரென்று அழுகை நின்றது. மூச்சு முட்டி ஏதாவது ஆகிவிட்டதோ என்று உள்ளே ஓடினேன்.

பிறகு அம்மா சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. முன் அறையில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். "இப்படி குடுங்க. நான் மூஞ்சியப் பாக்கல" என்று இரண்டு கையையும் நீட்டினாராம். ஆம்பளை பால் புகட்டுகிறதாவது என்று அத்தை தடுத்தார்கள். அவர் கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அம்மாதான் பிள்ளையை அந்தக் கையில் வைத்தாள்.

நான் ஓடிவந்து பார்த்தபோது, அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா மடியில். அவருக்கு வாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சுண்டு விரலால் மெதுவாக உதட்டைத் தேடி, அதன் மேல் சங்கைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ஊற்றினால் மூக்கில் போய்விடுமோ என்று அவருக்குப் பயம், அதனால் கவிழ்க்கவே இல்லை. சும்மா பிடித்துக்கொண்டே இருந்தார். இவளாக நாக்கை நீட்டி நக்கினாள். ஒரு சொட்டு உள்ளே போனது. அதை விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் என்பதுபோல் வாயைக் கொண்டுவந்தாள். நாங்கள் இத்தனை பேர் கண்ணை விழித்துக்கொண்டு ஊற்றினோமே தவிர, அவள் கேட்கிற வரைக்கும் ஒருத்தியும் காத்திருக்கவில்லை.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "குடிக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். "குடிக்குதா, யாராச்சும் சொல்லுங்கம்மா" என்றார். நான்தான், குடிக்கிறாள் என்று சொன்னேன். கட்டியிருந்த துண்டு நனைந்ததை நான் பார்த்தேன். அவர் வியர்வை என்கிறார், அப்படியே இருக்கட்டும்.

அந்தச் சங்கு தீர்ந்ததும் அத்தை அதை வாங்கி, மறுபடியும் பால் ஊற்றி, அவர் விரலைப் பிடித்துச் சங்கில் வைத்தார்கள். சாப்பிடும்போது, ஆம்பளை கையில பால் குடிக்கிற புள்ளைன்னு ஊரு சிரிக்கும் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. இப்போது பொன்னியும் அதே மாதிரி காத்திருந்து பார்க்கிறாள். அவளிடம் கால் சங்கு குடிக்கிறாள். அவரிடம்தான் முழுச் சங்கு. அவரும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டே வேளைக்கு வேளை புகட்டினார். நேற்றுதான் ஷெட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எண்ணெயில் முகம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் விழுப்புரம் வருகிறோம். திங்கட்கிழமை நான் வேலையில் சேருகிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் வந்ததும் எனக்குக் காலை ட்யூட்டி என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். எங்கள் வீட்டுக்காரர் ராத்திரி ஷெட்டில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வருகிறார். மத்தியானம் வரைக்கும் அவர் தூங்கினால், அதுவரை பாப்பாவை நான் வைத்துக்கொள்வேன். மத்தியான ட்யூட்டிக்கு நான் கிளம்பினால், நான் திரும்புகிற வரைக்கும் அவர் வைத்துக்கொள்வார், பிறகு ஷெட்டுக்குப் போவார். மத்தியான ட்யூட்டி உங்களுடையது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும், காலைப் பூசைக்குப் போகவும்தான் அதை வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். பாப்பா சோறு தின்கிற வரைக்கும் அதை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு என் காலை ட்யூட்டியை எடுத்துக்கொள்வீர்களா? நீங்கள் சம்மதித்தால் சூப்பர்வைசர் மறுக்க மாட்டார். முடியாது என்றால் தயங்காமல் எழுதுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் உங்கள் மேல் இல்லை.

இன்னொன்று. இதை அவருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. இவள் அடுத்தவர் கையில் குடிக்க வேண்டும் என்று நான்தானே இத்தனை நாளும் வேண்டினேன்? அன்றைக்கு அவர் மடியில் அவள் வயிறு நிறையக் குடித்தாள். நான் எதிரில்தான் நின்றேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன் அக்கா, சத்தியமாக. ஆனால் கொல்லைக்குப் போய், தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, அழுது தீர்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அதனால், மாற்றிக்கொண்ட முதல் நாள் மட்டும், உங்கள் காலை ட்யூட்டி முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். என் பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். எதுவும் பேச வேண்டாம். அவள் பால் குடிக்கிற வேளை வந்து, என் குரல் மாறினால், அந்த ஒரு லைனை மட்டும் நீங்கள் எடுத்துவிடுங்கள்.

உங்களையே நம்பியிருக்கும்,
ராஜாமணி